ஹஜ்ஜுக் கடிதமும் கெய்ரோ மனுவும்

ஒரே மனிதர் ஒரே ஆண்டில் மூன்று மாத இடைவெளியில் எழுதிய இரண்டு பிரதிகளைப் பற்றியது இக்கட்டுரை. முதலாவது, 1964 ஏப்ரலில் ஹஜ் கடமையை நிறைவேற்றச் சென்ற மால்கம் எக்ஸ், புனித மண்ணிலிருந்து நியூயார்க்கிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதிய கடிதம். இரண்டாவது, அதே ஆண்டு ஜூலை 17 அன்று கெய்ரோவில் தொடங்கிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் உச்சி மாநாட்டுக்கு வந்திருந்த நாட்டுத் தலைவர்களிடம் அவர் சமர்ப்பித்த மனு. முதலாவதை அறியாத கற்ற முஸ்லிம்கள் தமிழகத்தில் அரிது. துல்ஹஜ் மாதம் வந்துவிட்டால் நம் இதழ்கள் அதனை மறவாமல் எடுத்தெழுதுகின்றன. ஜும்ஆ உரைகளிலும் அது தவறாமல் இடம்பெறுகிறது. இரண்டாவதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அரபுக் கல்லூரி வகுப்பறையில் கால் நூற்றாண்டைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடிதத்தின் செய்தியைச் சரளமாக எடுத்துரைக்கும் மாணவர்களை ஆண்டுதோறும் சந்திக்கிறேன். கெய்ரோ மனு என்ற ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டவர்களை எண்ண ஒரு கைவிரல்கள் போதும்.

இது தற்செயலாக நேர்ந்ததன்று என்பதே என் கருத்து. கடிதம் நம்மைப் புகழ்கிறது. மனு நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. புகழ்ந்ததை வைத்துக்கொண்டு, கேட்டதை விட்டுவிட்டோம். மால்கம் எக்ஸை நேசிப்பதாகச் சொல்லும் முஸ்லிம் உலகின் வாசிப்பில் உள்ள இந்த ஊனத்தைச் சுட்டுவதற்கு இரு பிரதிகளையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

கடிதத்தின் சாரம் எல்லோரும் அறிந்ததே. எல்லா நிறத்தாரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே குவளையில் பருகி, ஒரே இறைவனைத் தொழக் கண்டதாக அவர் எழுதினார். வெண்ணிற மேனி கொண்டோரின் உள்ளத்திலிருந்தும் வெள்ளையர் என்ற செருக்கை ஈமான் அகற்றியிருக்கக் கண்டதாகச் சொன்னார். அமெரிக்கா இஸ்லாத்தை விளங்கிக்கொண்டால் தன் நிறநோயிலிருந்து அதற்கு மீட்சி உண்டு என்றும் கூறினார். வெள்ளையர் அனைவரும் சைத்தான்களே என்று பன்னிரண்டு ஆண்டுகள் நேஷன் ஆஃப் இஸ்லாம் மேடைகளில் முழங்கியவர், அந்த இயக்கத்திலிருந்து விலகியதாக 1964 மார்ச் 8 அன்று அறிவித்து ஏழு வாரங்கள்கூட ஆகாத நிலையில் இப்படி எழுதியது உண்மையிலேயே பெரும் மனமாற்றம். அதில் ஐயமில்லை.

ஆனால் அக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? நமக்கு அன்று. அமெரிக்காவிலுள்ள தம்மவர்களுக்கும், பிரதியெடுத்து வழங்கச் சொன்னதன் மூலம் அந்நாட்டுப் பத்திரிகைகளுக்கும் எழுதப்பட்டது. அமெரிக்காவின் முகத்துக்கு நேரே அவர் பிடித்த கண்ணாடி அது. நாம் அதனை நமக்கு வழங்கப்பட்ட நற்சான்றிதழாக வாங்கிச் சட்டமிட்டு மாட்டிக்கொண்டோம். அவ்வாறு மாட்டியபோது அதே பயணத்தில் அவர் கண்டு குறித்த வேறு சிலவற்றை வெட்டியெறிந்தோம். கூட்டம் கலைந்து அமரும்போது ஒத்த நிறத்தவர் ஒத்த நிறத்தவரோடு தாமாகவே சேர்ந்துகொள்வதை அவர் கவனித்துத் தம் வரலாற்றில் பதிந்திருக்கிறார். அதில் உயர்வு தாழ்வு இல்லை என்று விளக்கமும் தருகிறார். பிற மக்களின் மனத்தை அறிந்து இஸ்லாத்தை எடுத்துச் சொல்லும் கலையில் அரபுகள் பின்தங்கியிருப்பதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். நாமே சேர்த்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் உண்டு. சவூதி அரேபியாவில் அடிமை முறை ஒழிக்கப்படுவதாக அரசு அறிவித்தது 1962 நவம்பரில். அக்கடிதம் எழுதப்பட்டபோது அந்த அறிவிப்புக்கு வயது ஒன்றரை ஆண்டு. அரசின் விருந்தினராக இருந்தவர் கண்ட மக்கா உண்மையே. அது முழு அரேபியா அன்று.

அவர் அரசின் விருந்தினரான கதையும் இங்கே பொருத்தமானது. ஜித்தா விமான நிலையத்தில் அவருடைய கடவுச்சீட்டு வாங்கி வைக்கப்பட்டது. அமெரிக்கர் ஒருவர் முஸ்லிம்தானா என்பதை ஹஜ் நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டும் என்று நிறுத்திவைக்கப்பட்டார். கையிலிருந்த ஒரு தொலைபேசி எண்ணே அவரைக் காப்பாற்றியது. அந்த எண்ணுக்குரியவர், அரபு லீகின் முதல் பொதுச் செயலாளராக 1945 முதல் 1952 வரை இருந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸாமின் மைந்தர். தந்தை தம் ஓட்டல் அறைகளையே மால்கமுக்கு விட்டுக்கொடுத்தார். பின்னர் இளவரசர் ஃபைஸலின் விருந்தோம்பல் கிடைத்தது. ஆக, உலகெங்கும் பரவிய அந்த ஆன்மிகக் கடிதத்தின் பின்னே ஓர் இராஜதந்திரி நிற்கிறார். மால்கம் இதிலிருந்து பாடம் கற்றார் என்றே நினைக்கிறேன். ஒரு மனிதன் முஸ்லிமா என்ற கேள்விக்குக்கூட இவ்வுலகில் அரசுகள்தாம் விடை தருகின்றன. அப்படியானால் அவன் மனிதனா என்ற கேள்வியை எந்த அரசிடம் கொண்டுசெல்வது?

நம் வாசிப்பு இப்படித் திரிந்ததற்குத் தன்வரலாற்று நூலின் அமைப்பும் ஒரு காரணம். 1965-இல், மால்கம் ஷஹீதான பின் வெளிவந்த அந்நூலை நேர்காணல்களிலிருந்து எழுதித் தந்தவர் அலெக்ஸ் ஹேலி. தீயவழியில் அலைந்தவன் சிறையில் விழித்து, தவறான குருவிடம் மயங்கி, இறுதியில் உண்மையைக் கண்டடைகிறான் என்ற பாவமன்னிப்புக் கதையின் வார்ப்பில் ஹேலி அதனை வார்த்தார். கிறித்தவ உலகில் அகஸ்டின் காலம் தொட்டு வழங்கிவரும் வார்ப்பு அது. அவ்வகைக் கதைக்கு மனமாற்றமே உச்சம். அதன் பிறகு நடப்பவை வால் போல ஒட்டிக்கொண்டிருக்கும். நூலில் ஹஜ்ஜுக்குத் தனி அத்தியாயம் உண்டு. 1964 ஜூலை முதல் நவம்பர் வரை மத்திய கிழக்கிலும் ஆப்பிரிக்காவிலும் அவர் கழித்த பதினெட்டு வாரங்களோ சந்தித்த தலைவர்களின் பெயர்ப்பட்டியலோடு சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன. 1992-இல் ஸ்பைக் லீ எடுத்த திரைப்படமும் அதே வழியில் சென்றது. மக்காவின் காட்சிகளுக்குப் பின் கதை கொலைக்களம் நோக்கி விரைகிறது. கெய்ரோ மனுவின் முழு வாசகம் ஜார்ஜ் பிரெய்ட்மன் தொகுத்த உரைத் தொகுப்பில் 1965-இலேயே அச்சேறிவிட்டது. பிரெய்ட்மன் ஒரு சோசலிஸ்டு. மனுவைக் காத்தவர்கள் அவர்கள். கடிதத்தைக் காத்தவர்கள் நாம். இந்தப் பங்கீடு நமக்குப் பெருமை சேர்ப்பதன்று.

மனுவை விளங்கிக்கொள்ள அதற்கு முந்தைய இருபதாண்டு வரலாறு தேவை. அதன் தொடக்கம் அமெரிக்காவில் இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில், கரும்புத் தோட்டங்களுக்காகச் சென்னையிலிருந்து 1860-இல் கப்பலேற்றப்பட்ட தமிழ்க் கூலிகளின் சந்ததியிடமும், அவர்களைத் தொடர்ந்து சென்ற குஜராத்தி முஸ்லிம் வணிகர்களின் சந்ததியிடமும் இருக்கிறது. இந்தியர்கள் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் வரம்பு விதித்து 1946-இல் தென்னாப்பிரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. அங்கே டாக்டர் யூசுஃப் தாதூவும் டாக்டர் நாயக்கரும் அறப்போர் தொடங்கினர். இங்கே, இன்னும் சுதந்திரம்கூட அடைந்திராத இந்தியா, அதே ஆண்டு ஜூனில் ஐ.நா.வுக்குப் புகார் அனுப்பியது. தென்னாப்பிரிக்காவின் சார்பில் வந்து நின்றவர் தளபதி ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகவுரையை உருவாக்குவதில் பங்கெடுத்த அதே ஸ்மட்ஸ்! அவர் எடுத்த கேடயம் சாசனத்தின் 2-ஆம் பிரிவின் 7-ஆம் உட்பிரிவு: ஒரு நாட்டின் உள்நாட்டு அதிகார வரம்புக்குட்பட்ட விவகாரங்களில் ஐ.நா. தலையிடலாகாது. இதனைச் சர்வதேச நீதிமன்றத்தின் கருத்துக்கு அனுப்பி ஒதுக்கிவிட அமெரிக்காவும் பிரிட்டனும் முயன்றன. விஜயலட்சுமி பண்டிட் தலைமையில் சென்ற இந்தியக் குழு அதனை முறியடித்தது. டிசம்பர் 8 அன்று 32 நாடுகள் ஆதரிக்க, 15 நாடுகள் எதிர்க்க, 7 நாடுகள் ஒதுங்கிநிற்கத் தீர்மானம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு என்ற வரம்பை அது தாண்டியது மயிரிழையில். தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரை அத்தீர்மானம் தீர்த்துவிடவில்லை; 1948-இல் அங்கே ஆட்சிக்கு வந்தவர்கள் இன்னும் கொடியவர்கள். ஆனால் உள்நாட்டு விவகாரம் என்ற மதிலில் முதல் விரிசல் விழுந்துவிட்டது.

அமெரிக்கக் கறுப்பர்கள் அதனைக் கவனித்தார்கள். 1947 அக்டோபரில் அறிஞர் டுபாயிஸ் தலைமையில் ஒரு நீண்ட முறையீடு ஐ.நா.விடம் அளிக்கப்பட்டது. மனித உரிமைகள் ஆணையத்தின் தலைவியாக இருந்தவர் எலினோர் ரூஸ்வெல்ட். முறையீட்டை அளித்த சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார். இருந்தும் அதனை அவையில் எழுப்ப மறுத்தார். சோவியத் ரஷ்யா அதனை ஆயுதமாக்கும் என்று அஞ்சினார். ரஷ்யாவும் அவருடைய அச்சத்தை மெய்ப்பித்தது. 1951 டிசம்பரில் இன்னொரு முறையீடு, இம்முறை இனப்படுகொலைக் குற்றச்சாட்டாக, பாரிசில் வில்லியம் பாட்டர்சனாலும் நியூயார்க்கில் பாடகர் பால் ராப்சனாலும் அளிக்கப்பட்டது. ராப்சனின் கடவுச்சீட்டை முந்தைய ஆண்டே அரசு முடக்கியிருந்தது. பாட்டர்சன் நாடு திரும்பியதும் அவருடையதும் பறிக்கப்பட்டது. இரண்டு முறையீடுகளும் கோப்புகளில் உறங்கின. எழுப்புவதற்கு ஓர் அரசு இல்லாமற்போனதே இரண்டின் குறையும். ரஷ்யா இருந்ததே என்பீர்கள். ரஷ்யாவின் கை பட்டதாலேயே அவை செத்தன.

மறுபுறம், அமெரிக்க அரசு இந்த விஷயத்தில் எவ்வளவு கூச்சத்தோடு இருந்தது என்பதும் மறைபொருளன்று. பள்ளிகளில் நிறப்பிரிவினையை எதிர்த்த வழக்கில் 1952-இல் நீதித்துறை உச்ச நீதிமன்றத்தில் அளித்த வாதத்திலேயே, நிறபேதம் நாட்டின் வெளியுறவைக் கெடுக்கிறது என்று சொல்லப்பட்டது. 1955-இல் அமெரிக்காவுக்கான இந்தியத் தூதர் ஜி. எல். மேத்தாவை ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் வெள்ளையர் பகுதியிலிருந்து எழுந்து செல்லச் சொன்னார்கள். வெளியுறவு அமைச்சர் டல்லஸ் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 1961-இல் சாட் நாட்டுத் தூதருக்கு மேரிலாந்தின் 40-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓர் உணவகத்தில் பரிமாற மறுத்தார்கள். வாஷிங்டனில் இதற்கெனவே தனிப் பிரிவு ஒன்று இயங்க வேண்டியதாயிற்று. உள்ளூர்க் கறுப்பர் பசித்திருக்கலாம், வெளிநாட்டுக் கறுப்பர் பசித்திருக்கலாகாது என்ற இந்த விந்தையான நியாயத்தின் அடியில் ஓர் அச்சம் இருந்தது. மால்கம் கண்டுகொண்டது அந்த அச்சத்தைத்தான்.

ஹஜ் முடிந்து நைஜீரியா, கானா வழியாக மே 21 அன்று நாடு திரும்பியவர், ஜூன் 28-இல் ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமைக்கான தம் அமைப்பைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு அடிஸ் அபாபாவில் பிறந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் பெயரையே தழுவி அதற்குப் பெயரிட்டார். ஜூலை 2-இல் அதிபர் ஜான்சன் குடிமை உரிமைச் சட்டத்தில் ஒப்பமிட்டார். ஒரு வாரத்தில் மால்கம் கெய்ரோவுக்குப் புறப்பட்டுவிட்டார். பார்வையாளர் தகுதி மட்டுமே கிடைத்தது. மாநாட்டில் பேச அனுமதியில்லை. விடுதலை இயக்கங்களின் பிரதிநிதிகளோடு நைல் நதியில் நின்ற ஐசிஸ் என்ற படகில் தங்கியிருந்து, தம் மனுவைத் தலைவர்களின் கைகளில் சேர்ப்பித்தார்.

மனுவின் மையம் ஒரு சொல்மாற்றம். எங்கள் சிக்கல் குடிமை உரிமைச் சிக்கல் அன்று, மனித உரிமைச் சிக்கல் என்கிறார். இது வெறும் அலங்காரமன்று. குடிமை உரிமை என்றால் அது தரும் அரசுக்கும் பெறும் குடிகளுக்கும் இடைப்பட்டது, உள்நாட்டு விவகாரம். மனித உரிமை என்றால் வழக்கு மன்றமே மாறிவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி உள்நாட்டு விவகாரம் அல்ல என்று இதே ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வில் வாதாடி வருகின்றன. அப்படியானால் அமெரிக்காவின் நிறவெறி மட்டும் எப்படி உள்நாட்டு விவகாரமாகும் என்பதே அவர் தொடுத்த வினா. நேட்டால் தமிழரின் பெயரால் 1946-இல் விழுந்த விரிசலில்தான் அவர் உளியை வைக்கிறார். நம் மரபில் பயின்றவர்க்கு இது எளிதில் விளங்கும். ‘ஹக்' என்ற சொல் உரிமையையும் உண்மையையும் ஒருசேரக் குறிப்பது. ஹுகூகுல் இபாத் எனப்படும் அடியார் உரிமைகள் எந்தச் சுல்தானும் அருளியவை அல்ல. எனவே எந்தச் சுல்தானாலும் மன்னித்துவிடக் கூடியவையும் அல்ல.

மனுவின் நடை கூர்ந்து நோக்கத்தக்கது. எங்களுக்கே ஆயிரம் தொல்லைகள், உங்கள் தொல்லையையும் சுமக்க வேண்டுமா என்று முனகிய தலைவர்களுக்கு, தொண்ணூற்றொன்பது ஆடுகளைப் பத்திரமாக விட்டுவிட்டுத் தொலைந்த ஒன்றைத் தேடிச் செல்லும் மேய்ப்பனின் உவமையை நினைவூட்டுகிறார். அது இன்ஜீல் வழங்கும் உவமை! ஹஜ் முடித்து மூன்று மாதமே ஆன ஒருவர், அல்-அஸ்ஹரின் நகரத்தில் இருந்துகொண்டு, ஹெய்லி செலாசி போன்ற கிறித்தவ ஆட்சியாளர்களும் நாசர் போன்ற முஸ்லிம்களும் கூடிய அவைக்கு அதனைத் தேர்ந்தெடுக்கிறார். மனுவின் முடிவிலோ அல்லாஹ்வின் அருளை வேண்டுகிறார். தென்னாப்பிரிக்காவை வெளிப்படையாகப் பாயும் ஓநாய்க்கும், அமெரிக்காவைச் சிரித்துக்கொண்டே கொல்லும் நரிக்கும் ஒப்பிடுகிறார். சோவியத் யூதர்களுக்காக ரஷ்யாவை ஐ.நா.வில் நிறுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கோல்ட்பர்க் பேசியதை எடுத்துக்காட்டி, முப்பது இலட்சத்துக்கும் குறைவான அம்மக்களுக்கு உரியது இரண்டு கோடியே இருபது இலட்சம் கறுப்பர்களுக்கு ஏன் உரியதாகாது என்கிறார். எதிரியின் வாதத்தையே எடுத்து எதிரியைக் கட்டும் இம்முறையை நம் தர்க்க நூல்கள் இல்ஸாம் என்று அழைக்கும்.

என்னை மிகவும் நிறுத்திய இடம் வேறு. என் எளிய முறையீடு சரியான சொற்களில் அமையவில்லையெனில், சட்டத்தின் மொழி அறிந்த மூத்த சகோதரர்கள் முன்வந்து அதனைத் தக்க மொழியில் எழுதித் தாருங்கள் என்கிறார். அனல் பறக்கப் பேசுவதில் நிகரற்றவர் என்று பகைவரும் ஒப்பிய ஒருவர் எழுதுகிறார் இதை! ஃபிர்அவ்னிடம் செல்லப் பணிக்கப்பட்டபோது, தம்மினும் நாவன்மை மிக்க சகோதரர் ஹாரூனைத் துணைக்குத் தருமாறு வேண்டிய மூஸா (அலை) அவர்களின் வரலாறு எனக்கு நினைவுக்கு வந்தது. மால்கம் கேட்டது நிதியோ படையோ அன்று. ஒரு வழக்கறிஞரை, இன்னும் துல்லியமாகச் சொன்னால், ஒரு சாட்சியை.

மனுவில் குறைகளும் உண்டு. 1951-ஆம் ஆண்டு முறையீட்டில் இருந்தது போன்ற சம்பவ அடுக்கு இதில் இல்லை. எந்த நாடு, எந்த விதியின்கீழ், ஐ.நா.வின் எந்த உறுப்பில் வழக்கைத் தொடுக்க வேண்டும் என்ற தெளிவு போதாது. மனித உரிமைகள் ஆணையம் விசாரிக்கட்டும் என்கிறார். தனக்குப் புகார்களின் பேரில் நடவடிக்கை எடுக்கும் அதிகாரமே இல்லை என்று அந்த ஆணையம் 1947-இலேயே கைகழுவியிருந்தது. அந்த நிலை மாறத் தொடங்கியது 1967-இல்தான். அமெரிக்க டாலரின் வலையில் விழாதீர்கள் என்ற எச்சரிக்கை நியாயமானதே. ஆயினும், உதவி பெற்றுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் உதவி கேட்கும் மனுவில் அது இடம்பெற்றது சாதுரியமன்று.

விளைவு என்ன? மாநாடு ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. குடிமை உரிமைச் சட்டம் இயற்றப்பட்டதைத் திருப்தியோடு குறித்துக்கொண்டு, கறுப்பின மக்கள்மீதான ஒடுக்குமுறை தொடர்வது கவலையளிக்கிறது என்று கூறி, அமெரிக்க அதிகாரிகள் முயற்சியைத் தீவிரப்படுத்த வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. ஐ.நா. என்ற பேச்சே இல்லை. மால்கம் இதனை வெற்றியாகவே அறிவித்தார். இயக்கம் நடத்துபவர் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆகஸ்டு 13 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட செய்தி உண்மை நிலையைக் காட்டியது. வெளியுறவுத் துறையும் நீதித் துறையும் அவருடைய முயற்சியைக் கவனிக்கத் தொடங்கிவிட்டன என்றும், ஒரே ஓர் ஆப்பிரிக்க அரசு வழக்கை எழுப்பினால்கூட அமெரிக்காவுக்குப் பெரும் சங்கடமாகும் என அதிகாரிகள் கருதுகிறார்கள் என்றும் அச்செய்தி சொன்னது.

அந்த ஒன்று எழவில்லை. நாசரின் எகிப்து அமெரிக்கக் கோதுமையை உண்டுகொண்டிருந்தது. எங்கள் போக்குப் பிடிக்காதவர்கள் கடல் நீரைக் குடிக்கட்டும் என்று நாசர் சீறியது அவ்வாண்டு டிசம்பரில். ஜூலையில் அந்தச் சீற்றம் இல்லை. கோதுமையைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் சாசனத்திலும் உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை என்ற விதி இருந்தது. காலனியவாதிகள் கீறிச்சென்ற எல்லைகள் அப்படியே நிலைக்கும் என்ற புகழ்பெற்ற தீர்மானமும் இதே கெய்ரோ மாநாட்டில்தான் நிறைவேறியது. சூடானின் தென்பகுதியில் அப்போதே உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அமெரிக்காவின் கதவை உடைக்கும் சம்மட்டி நாளை தம் கதவுக்கும் வரும் என்பதை அத்தலைவர்கள் உணர்ந்திருந்தார்கள். ஸ்மட்ஸ் எடுத்த கேடயத்தை, ஸ்மட்ஸால் ஒடுக்கப்பட்டவர்களின் நண்பர்களே தம் பங்குக்கு எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

முஸ்லிம் அரசுகள் மால்கமுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் கற்க அல்-அஸ்ஹரில் இருபது இடங்களும் மதீனாவில் பதினைந்து இடங்களும் அளிக்கப்பட்டன. தங்குமிடம், உபசாரம், பட்டம் யாவும் கிடைத்தன. விருந்தோம்பல் நம் பண்பாட்டின் சிறப்பு, அதில் குறைவைக்கவில்லை. ஆனால் அவர் விருந்து கேட்டு வரவில்லை. ஸபீத் என்ற ஊரிலிருந்து மக்காவுக்குச் சரக்குக் கொண்டுவந்த யமன் நாட்டு வணிகரின் செய்தியை சீரா நூல்களில் படிக்கிறோம். ஆஸ் இப்னு வாயில் சரக்கை வாங்கிக்கொண்டு விலையை மறுத்தான். வணிகர் அவனுடைய நேசக் குலத்தாரிடம் முறையிட்டார். அவர்கள் அதட்டி அனுப்பினர். அவர் அபூகுபைஸ் மலைமீதேறிக் குறைஷியர் அனைவரையும் கூவி அழைத்தார். அதன்பின் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடிச் செய்த உடன்படிக்கையே ஹில்ஃபுல் ஃபுளூல். அநீதி இழைக்கப்பட்டவன் எக்குலத்தவனாயினும் அவன் பக்கம் நிற்பது என்பது அதன் சாரம். இளைஞராக அதில் கலந்துகொண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், இஸ்லாம் வந்த பின்னரும் அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்பேன் என்றார்கள். அந்த வணிகருக்கு மக்காவில் எவரும் விருந்து வைத்ததாகச் செய்தியில்லை. விலையை வாங்கிக் கொடுத்தார்கள்.

மால்கமின் உழைப்பு முழுதும் வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1964 டிசம்பரில் காங்கோ பற்றிப் பாதுகாப்புச் சபையில் நடந்த விவாதத்தில், ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் சிலர் காங்கோவில் நடப்பதையும் அமெரிக்கக் கறுப்பர் நடத்தப்படும் முறையையும் இணைத்துப் பேசினார்கள். அப்படிப்பட்ட பேச்சு அந்த அவைக்குப் புதிது. இரண்டு மாதத்தில், 1965 பிப்ரவரி 21 அன்று, அவர் கொல்லப்பட்டார். இனப்பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை அதே ஆண்டு டிசம்பர் 21-இல் ஏற்றது. அமெரிக்கா அதனை உறுதிப்படுத்தியது 1994-இல்.

மனு கேட்டதற்கு ஏறத்தாழ ஒத்த ஒன்று 2020 ஜூனில் நடந்தது. ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையை அடுத்து, ஆப்பிரிக்க நாடுகள் அனைத்தின் சார்பிலும் புர்கினா ஃபாசோ கேட்டுக்கொண்டதால் மனித உரிமைகள் கவுன்சில் அவசர விவாதம் நடத்தியது. தொடக்க வரைவு அமெரிக்காமீது விசாரணைக் குழு அமைக்கக் கோரியது. நிறைவேறிய தீர்மானம் பொதுவான அறிக்கையொன்றைக் கேட்டதோடு நின்றது. கெய்ரோத் தீர்மானத்தைப் படித்தவர்களுக்கு இந்த நீர்த்துப்போதல் பழக்கமானது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் நடந்தது இன்னும் கசப்பானது. சின்ஜியாங்கில் உய்குர் முஸ்லிம்கள் நடத்தப்படும் முறையைக் கண்டித்து 22 நாடுகள் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதின. முஸ்லிம் பெரும்பான்மை நாடு ஒன்றுகூட அதில் இல்லை. சீனாவை ஆதரித்து 37 நாடுகள் எழுதிய பதில் கடிதத்தில் சவூதி அரேபியா, எகிப்து, பாகிஸ்தான் ஆகியவற்றின் கையொப்பங்கள் இருந்தன. துல்ஹஜ் மாதத்தில் மால்கமின் கடிதத்தை வாசிக்கும் நாடுகள் இவை.

மால்கம் தேடிய அந்த ஒற்றை அரசு அதே 2019 நவம்பரில் வேறோர் இடத்தில் எழுந்தது. ரோஹிங்கியா முஸ்லிம்களுக்காக, இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையின்கீழ், மியான்மர்மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது காம்பியா; ஆப்பிரிக்காவின் மேற்கோரத்தில், ஓர் ஆற்றின் இருகரையிலும் ஒட்டிக்கிடக்கும் மிகச் சிறிய நாடு. முஸ்லிம் நாடுகளின் கூட்டமைப்பு அதற்குப் பின்னே நின்றது. உங்களுக்கு இதில் நேரடிப் பாதிப்பு என்ன, வழக்காட என்ன தகுதி என்று மியான்மர் ஆட்சேபித்தது. 2022 ஜூலை 22 அன்று நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளுபடி செய்தது.